பாதி நிறம் காகிதத்துடையது

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பெயர் சட்டப்படி ஊருக்குச் சொந்தமாகிவிட்டால், அடுத்த கேள்வி பெட்டியின் மேல் என்ன ஒட்டுவது என்பதுதான். ஹாலோகிராம், க்யூஆர் கோடு, சுரண்டிப் பார்க்கும் வெள்ளிப் பட்டை என்று வரக்கூடிய யோசனைகளில் வெப்பத்துக்கு நிறம் மாறும் மையும் ஒன்று. அதற்கு இரண்டு வேலைகள் சொல்லப்படுகின்றன. விரல் வைத்தால் நிறம் மறையும். மறைந்தால் சரக்கு அசல். அல்லது, பெட்டி சூடுபட்டால் நிறம் மாறும். மாறினால் சரக்கைச் சந்தேகப்படு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுருளிப்பட்டியிலோ ஓடைப்பட்டியிலோ வெயிலில் அடுக்கிய ஒரு பெட்டியின் மேல் அந்த மை என்ன செய்யும் என்று யோசித்தால் கதை வேறு. அச்சு சரியாக வராதபோது எல்லோரும் மையைத் திட்டுகிறார்கள். அந்தத் திட்டில் பாதிக்கு மேல் காகிதத்துக்குச் சேர வேண்டியது என்பது என் கட்சி.

மையின் உள்விவரம் கொஞ்சம் தெரிந்தால்தான் காகிதத்தின் மேல் வழக்குப் போட முடியும். சாதாரண அச்சு மையில் நிறமி நேராக எண்ணெயிலும் பிசினிலும் கலந்திருக்கும். இதில் மூன்று பொருள்கள்: லூகோ சாயம், அதற்கு நிறத்தைக் கொடுக்கும் மெல்லிய அமிலம் ஒன்று, மெழுகு மாதிரி உறைந்து உருகும் கரைப்பான் ஒன்று. கரைப்பான் உறைந்திருக்கும் வரை சாயமும் அமிலமும் சேர்ந்திருக்கும், நிறம் தெரியும். உருகினால் அந்தச் சேர்க்கை கலைந்து நிறம் போகும். திரும்பக் குளிர்ந்தால் திரும்ப வரும். கரைப்பானாக டெட்ராடெகனால் என்றால் ஏறத்தாழ 38 டிகிரி, ஹெக்ஸாடெகனால் என்றால் 49. இந்த மூன்றையும் ஒன்றாகப் பிசின் கூடுகளுக்குள் அடைத்துத்தான் மையில் கலக்கிறார்கள். கூடுதான் கேப்சூல். அதன் விட்டம் சில மைக்ரான்.

சிக்கல் அந்தச் ‘சில மைக்ரானில்’ தொடங்குகிறது. தேனிப் பக்கத்து வியாபாரிக்கு நல்ல அச்சு என்றால் சிவகாசிதான். தீப்பெட்டி லேபிளில் தொடங்கிக் காலண்டர், டைரி என்று வளர்ந்த ஊர். ஆஃப்செட்டில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஆஃப்செட்டில் காகிதத்தின் மேல் விழும் மைப் படலம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு மைக்ரான். கேப்சூல் அதைவிடப் பெரிது. படலத்துக்குள் அடங்காமல் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். மையைக் காகிதத்தில் பதிக்கும் ரப்பர் பிளாங்கெட்டின் அழுத்தத்தில் சில உடையும். உடையாதவையும் போதிய எண்ணிக்கையில் இருக்காது என்பதால் நிறம் சோகை பிடித்தாற்போல் வரும். ஆஃப்செட்டுக்கென்றே இந்த மை செய்கிறார்கள், விற்கிறார்கள். இரண்டு முறை ஓட்டினால் ஓரளவு தேறும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் படலம் பத்து மைக்ரானுக்கும் மேல் போகும் என்பதால் கேப்சூல்கள் வசதியாக உள்ளே உட்காரும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சிறு ஸ்கிரீன் கடை இந்த ஒரு விஷயத்தில் நாலு கலர் மெஷினை முந்திவிடுகிறது. புள்ளிகளை வைத்து இளநிறம் காட்டும் வேலையை இரண்டிலுமே மறந்துவிடலாம். சின்னப் புள்ளிக்குள் எத்தனை கேப்சூல் இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கட்டியான சாலிட் பரப்புதான் இந்த மைக்கு ஒத்துவரும்.

இனி காகிதம். ஒரே ஸ்கிரீன், ஒரே மை, ஒரே கை. ஒன்று பூச்சில்லாத மேப்லித்தோ காகிதத்தில், இன்னொன்று மேட் ஆர்ட் பேப்பரில் அடித்து, காய்ந்த பிறகு லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்க்க வேண்டும். மேப்லித்தோ கண்ணுக்குத்தான் வழவழப்பு. லூப்பின் கீழ் அது நார்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் மேடு பள்ளம். மை பள்ளத்தில் தேங்கி, மேட்டில் மெலிந்து, நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். அதைவிட மோசமான காரியம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. மையின் திரவப் பகுதியைக் காகிதம் உறிஞ்சிக்கொள்கிறது. கேப்சூல் நாரின் இடுக்கில் நுழைய முடியாத அளவுக்குப் பெரிது, அதனால் மேலேயே தங்கிவிடுகிறது. ஒட்டிப் பிடிக்க வேண்டிய பிசின் கீழே போய்விட, கேப்சூல் போர்வையில்லாமல் வெளியில் கிடக்கிறது. கட்டைவிரலால் நாலு தேய்ப்புத் தேய்த்தால் பொடியாக வந்துவிடும். வெயிலும் அதை நேராகத் தாக்கும். லூகோ சாயங்களுக்குப் புறஊதாக் கதிர் பரம எதிரி. மேட் ஆர்ட்டில் மேலே களிமண்ணும் சுண்ணமும் பூசியிருப்பதால் துளைகள் மிகச் சிறியவை. பிசின் மேலேயே நின்று கேப்சூலைச் சுற்றி மூடுகிறது. நிறம் ஒரே சீராக, அடர்த்தியாக இருக்கிறது. அதே கிராம் மை வாங்கி, ஒரு காகிதத்தில் பெரும்பகுதியை வீணாக்குவதும் இன்னொன்றில் முழுதாகப் பயன்படுத்துவதும் காகிதத்தின் தோல் செய்யும் வேலை.

கேப்சூல் உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடைகளிலேயே ஆதாரம் இருக்கிறது. கார்பன் வைக்காமல் அடித்தாளில் நகல் விழும் என்.சி.ஆர். பில் புக்கை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேல் தாளின் அடியில் லூகோ சாயம் நிறைந்த கேப்சூல் பூச்சு. கீழ்த் தாளின் மேல் அமிலக் களிமண் பூச்சு. பேனா அழுத்தினால் கேப்சூல் உடையும், சாயம் களிமண்ணில் படும், நீல எழுத்து நிரந்தரமாக நிற்கும். அமெரிக்காவின் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனம் 1950-களில் கொண்டுவந்த ஏற்பாடு. அந்தப் பெயரின் எழுத்துகள்தான் நம் பில் புக்கில் இன்னும் ஒட்டியிருக்கின்றன. அங்கே கேப்சூல் உடைய வேண்டும், இங்கே உடையவே கூடாது. உடைந்தால் சாயம் காகிதத்தின் வேதியியலோடு நேருக்கு நேர் மோதும். அமிலத்தன்மையுள்ள காகிதமோ களிமண்ணோ என்றால் எந்தச் சூட்டுக்கும் மறையாத கறை. சுண்ண நிரப்பியுள்ள காரத்தன்மைக் காகிதம் என்றால் நிறம் மங்கிப்போகும். அழுத்தம் அதிகமான எந்த வேலையும், லாமினேஷன் உருளை உட்பட, இந்த அச்சுக்கு ஆபத்து என்று சொல்வது இதனால்தான்.

இன்னொரு சாட்சி பஸ் டிக்கெட். கண்டக்டரின் கைமெஷினிலிருந்து வரும் டிக்கெட்டில் மை என்பதே கிடையாது. காகிதத்தின் மேல் பூச்சிலேயே சாயமும் அமிலமும் காத்திருக்கின்றன. சூடான தலை பட்ட இடத்தில் அவை உருகிச் சேர்ந்து கறுக்கின்றன. நாம் பேசும் மைக்கு நேர் எதிரான திசை, ஆனால் சாயம் ஒரே குடும்பம். கவனிக்க வேண்டியது, அந்தத் தாளைச் செய்கிறவர்கள் வெறும் காகிதத்தை நம்புவதில்லை என்பது. நாருக்கும் வெப்பப் பூச்சுக்கும் நடுவே சுட்ட களிமண் பூச்சு ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். சூடு நாருக்குள் ஓடி வீணாகாமல் தடுக்க ஒரு காரணம், மெஷின் தலைக்குச் சமதளம் கிடைக்க இன்னொரு காரணம். நல்ல தாள் என்றால் மேலே ஒரு காப்புப் பூச்சும் இருக்கும். அது இல்லாத மலிவுத் தாள் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலோ எண்ணெய்க் கை பட்டாலோ வெளிறிவிடும். வெப்பத்தோடு வேலை செய்யும் தொழிலில் காகிதத்தின் மேற்பரப்பைத் தனியாகக் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட அன்றாடச் சான்று வேண்டாம்.

நிறத்தின் கணக்குக்கு வருவோம். இந்த மையின் வித்தையே மறைவதில் இருக்கிறது. மறைந்த பின் நாம் பார்ப்பது காகிதத்தை. ஆகவே மாற்றம் எவ்வளவு கண்ணில் அடிக்கும் என்பதை, மை இருந்த நிலைக்கும் காகிதத்தின் சொந்த நிறத்துக்கும் உள்ள தூரம் முடிவு செய்கிறது. வெள்ளைப் பூச்சுத் தாளில் நீலம் மறைந்து வெள்ளை வந்தால் குழந்தைக்கும் தெரியும். பழுப்பு கிராஃப்ட் அட்டையில் அதே நீலம் முதலிலேயே அழுக்குப் பச்சை மாதிரி விழும். மறைந்து பழுப்பாகும்போது, மாறிற்றா இல்லையா என்று இரண்டு பேர் விவாதிக்க இடம் உண்டு. கிராஃப்டுக்கு ஒரு சாதகம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த மை முழுக்க மறைவதில்லை, மெல்லிய சாயல் ஒன்று மிச்சம் இருக்கும். வெள்ளையில் அந்தச் சாயல் ‘பாதிதான் வேலை செய்கிறது’ என்ற எண்ணத்தைத் தரும். பழுப்பில் அது தெரியாது. ஆனால் குறையை மறைப்பதற்காகக் காட்ட வேண்டியதையும் மறைக்கும் அட்டையை எதற்குத் தேர்ந்தெடுப்பது?

கிராஃப்டின் மேல் முதலில் கட்டியான வெள்ளையை ஸ்கிரீனில் அடித்து, அதன் மேல் இந்த மையை அடிக்கலாமே என்பார்கள். அடிக்கலாம். நானே அதைத்தான் சிபாரிசு செய்வேன், வேறு வழியில்லை என்றால். அப்போதும் வாதம் என் பக்கம்தான் நிற்கிறது: காகிதத்தின் மேற்பரப்பு ஒத்துவரவில்லை என்று அதன் மேல் இன்னொரு மேற்பரப்பைச் செய்துகொள்கிறோம். நெளிவு அட்டையில் உள்வரிகளின் மேடு வெளித்தாளிலும் வரிவரியாகத் தெரியும் என்பதால், அந்த வெள்ளையும் சீராக விழாது. அதற்குப் பேசாமல் வெள்ளை லேபிள் அடித்து ஒட்டிவிடலாம். நல்ல பூச்சு அட்டைக்கு வெகுதூரம் போகவும் வேண்டாம். கரும்புச் சக்கையில் காகிதம் செய்து பெயர் வாங்கிய டிஎன்பிஎல், மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் பூச்சு அட்டை செய்யும் ஆலையை 2016-இல் தொடங்கிவிட்டது.

பூச்சுத் தாள்களுக்குள்ளும் பளபளக்கும் கிளாஸ் வேண்டாம், மேட் போதும் என்பது என் தேர்வு. கிளாஸில் நிறம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக வரும், ஆனால் வெயிலில் கொட்டகை வாசலில் நின்று பார்க்கும்போது அந்தப் பளபளப்பே கண்ணைக் கூசச் செய்து மாற்றத்தை மறைத்துவிடும். பூச்சுத் தாளின் நிஜமான குறை மடிப்பில் இருக்கிறது. மடித்த இடத்தில் பூச்சு விரியும், மையும் சேர்ந்து உதிரும். அடையாளத்தை மடிப்பிலிருந்து தள்ளி வைத்தால் தீர்ந்தது.

இதுவரை காகிதத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினேன். கம்பம் பள்ளத்தாக்கின் தட்பவெப்பத்துக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு. சந்தையில் அதிகம் கிடைக்கும் மை 31 டிகிரியில் மறைவது. 20, 22 டிகிரி அறையில் வாழ்கிறவர்களுக்காகச் செய்த எண் அது. அங்கே காகிதம் குளிர்ந்திருக்கும், விரல் வெதுவெதுப்பாக இருக்கும், தொட்டால் மறையும். சித்திரையில் கம்பத்தில் பகல் 35-ஐத் தாண்டுவது வழக்கம். காலை பத்து மணிக்கே லேபிள் தானாக வெறுமையாகிவிடும். தொட்டுப் பார்க்க அங்கே நிறமே இருக்காது. வாங்குகிறவர் அசலைப் போலி என்பார். மறைந்த நிறம் திரும்பவும் அதே 31-இல் வராது, சில டிகிரி கீழே இறங்கினால்தான் வரும். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலையேறும் வண்டியில் அந்த நிறம் எந்த வளைவில் திரும்பும் என்று பந்தயம் கட்டலாமே தவிர, அதை வைத்துச் சரக்கை எடைபோட முடியாது. பேனாவில் எழுதித் தேய்த்தால் அழியும் பைலட் நிறுவனத்தின் ஃபிரிக்ஷன் மை இந்த இடைவெளியை வேண்டுமென்றே அகலமாக்கிச் செய்தது. அது 60 டிகிரி வாக்கில் மறையும், உறைநிலைக்கும் கீழே பத்துக்கு மேற்பட்ட டிகிரி இறங்கினால்தான் திரும்பும். நமக்கு அகலமும் வேண்டாம், 31-ம் வேண்டாம்.

சூட்டில் மறையும் மையைவிடக் குளிரில் தோன்றும் மைதான் இந்த ஊருக்குப் பொருத்தம். சுமார் 15 டிகிரிக்குக் கீழே நிறம் காட்டுவது கிடைக்கிறது. அமெரிக்காவின் கூர்ஸ் லைட் பீர் பாட்டிலில் மலை நீலமாவது இந்த வகைதான். பள்ளத்தாக்கின் தரைமட்டத்தில் அது பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்; ஐஸ்கட்டியோ குளிர்ந்த பாட்டிலோ பட்டால் தோன்றும். போலியைப் பிரிக்கும் வேலைக்கு இது நம்பகம். ஆனால் நாள் முழுக்க வெறுமையாக இருக்கிற லேபிள் என்றால் நாள் முழுக்கக் காகிதத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதன் வெண்மையும் வழவழப்பும் இன்னும் முக்கியமாகிவிடுகின்றன. குளிரிலிருந்து எடுத்த லேபிளில் நீர் முத்துமுத்தாகப் படியும். மேப்லித்தோ அந்த நீரைக் குடித்து நார் உப்பி, காய்ந்த பிறகும் பழைய சமத்துக்கு வராது. மேலே ஒரு வார்னிஷ், அதுவும் புறஊதாவை வடிக்கும் வார்னிஷ், இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது வேலை, அதாவது சூடுபட்டதைச் சொல்வது, இன்னும் கடுமையாகப் பார்க்க வேண்டியது. காரணம் அங்கே தவறான பதில் பணத்தைத் தின்னும். சின்னமனூர், உத்தமபாளையம் பக்கத்து ஜி-9 வாழை ஏற்றுமதிக்கு 13 கிலோ அட்டைப் பெட்டியில், 13-14 டிகிரி குளிர்க் கொள்கலனில் போகிறது. 13-க்குக் கீழே காய்க்குக் குளிர்க்காயம், மேலே ஏறினால் முன்கூட்டியே பழுத்துவிடும். பெட்டியின் வெளியே அச்சிட்ட அடையாளம் எதைச் சொல்லும்? நெளிவு அட்டை என்பது இரண்டு தாளுக்கு நடுவே காற்றை அடைத்த சுவர். வெளித்தாள் சூரியனையும் கொள்கலன் காற்றையும் அறியும். பழம் அறிந்ததை அது அறியாது. பழத்தின் சூட்டுக்கு நெருங்க வேண்டுமானால் உள்ளே, பழத்தை ஒட்டி, மெல்லிய தாளில் இருக்க வேண்டும். அதிலும் 15 டிகிரி மை 13-இலும் நிறம் காட்டும், 8-இலும் அதே நிறம் காட்டும். குளிர்க்காயத்தை அது பிடிக்காது. திராட்சைப் பெட்டிக்குள் கந்தக டைஆக்ஸைடு விடும் தாள் வைக்கிற வழக்கம் ஏற்றுமதியில் உண்டு. சாயங்களை வெளுக்கும் வாயு அது. கேப்சூல் சுவர் தடுக்கும் என்று நம்பலாம். அச்சில் உடைந்த கேப்சூலுக்கு அந்தச் சுவர் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலே, திரும்பி வரும் நிறத்துக்கு ஞாபகம் இல்லை. நடுவழியில் ஆறு மணி நேரம் கொள்கலன் நின்றுபோய், பிறகு குளிர் வந்தால், நிறமும் வந்துவிடும். இறக்குகிற இடத்தில் பார்ப்பவருக்கு எல்லாம் சுபம். எவ்வளவு நல்ல காகிதமும் இதைச் சரிசெய்யாது. இந்த வேலைக்குத் திரும்பாத வகை வேண்டும். அந்த வகை எப்படி இருக்க வேண்டும் என்பது தேனி மாவட்டத்தின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் தெரியும். போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கிறதே, அது 1996-லிருந்து இருக்கிறது. டைஅசெட்டிலின் என்ற பொருள் பட்ட சூட்டுக்கும் பட்ட நேரத்துக்கும் ஏற்பக் கருத்துக்கொண்டே போகும். குளிர வைத்தாலும் திரும்பாது. போலியோ சொட்டு மருந்துக்கான வகை 37 டிகிரியில் இரண்டு நாளில் எல்லையைத் தொட்டுவிடும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்தைக் கொடுக்கலாம். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் கொட்ட வேண்டியதுதான்.

அந்தச் சதுரத்தைவிட அந்த வட்டத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். அது மாறாத சாதாரண மை. அதே பரப்பில், சதுரத்தை ஒட்டியே இருக்கிறது. ஒரே வெளிச்சம், ஒரே பளபளப்பு, ஒரே அழுக்கு. காகிதம் பழுப்பேறினால் இரண்டின் கீழும் பழுப்பேறும். ‘இது கறுப்பா’ என்ற பதில் இல்லாத கேள்வி, ‘இது அதைவிடக் கறுப்பா’ என்ற பதில் உள்ள கேள்வியாகிவிடுகிறது. காகிதம் செய்யும் கோளாறில் பெரும்பகுதியை இந்த ஒரு வளையம் கணக்கில் அடித்துவிடுகிறது. பழப்பெட்டிக்கென்று சொல்லப்படும் நிறம் மாறும் அடையாளங்களில் ஒப்பிட வளையம் இல்லாததை நான் அளவுகோலாக ஏற்க மாட்டேன், அலங்காரமாக வைத்துக்கொள்ளட்டும்.

ஆக, என் தீர்ப்பு இது. வாழையின் ஏற்றுமதிப் பெட்டியிலோ பன்னீர் திராட்சையின் நெளிவு அட்டையிலோ நேராக இந்த மையை அடிப்பது வீண் செலவு. சாதாரண மையைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருளைக் குடித்துவிட்டுக் காட்டாமல் இருக்கும் மேற்பரப்பு அது. குளிர்ச்சங்கிலிச் சான்றாகத் திரும்பும் மையை எந்தக் காகிதத்திலும் ஏற்கக் கூடாது. புவிசார் குறியீட்டுச் சில்லறைப் பெட்டிக்கு அசல் அடையாளமாக, வெள்ளை மேட் பூச்சு லேபிளில், ஸ்கிரீனில், சாலிட்டாக, குளிரில் தோன்றும் மையை, பக்கத்தில் மாறாத மையில் ஒப்பு வளையத்தோடு அடித்து, வார்னிஷ் போட்டால் ஏற்கலாம். போடி ஏலக்காய் டப்பாவுக்கும் இதே லேபிள் போதும். அதற்கு ஈரத் தொல்லையும் இல்லை என்பதால் திராட்சையைவிட நன்றாகவே வரும்.

ஆர்டர் கொடுப்பவர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போடும்போது ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஏசி அறையில் 24 டிகிரியில் எந்த மையும் அழகாகத்தான் நடிக்கும். பத்து லேபிளை எடுத்துப் போய், ஐந்தை மதியம் இரண்டு மணிக்குக் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே ஒட்டி ஒரு வாரம் விட வேண்டும். மற்ற ஐந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, எடுத்து, நீர் துளிர்த்த நிலையிலேயே கட்டைவிரலால் தேய்க்க வேண்டும். பிறகு பத்தையும் வளையத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போடட்டும் கையெழுத்தை.